ஒஷாவாவுக்கு வடக்கே சில பள்ளிக்கூடங்கள்

ஒஷாவாவில் வீடு வாங்க வருகிற நம்மவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ரீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தினையாம் இடம்?" என்பதுதான். ஃபிரேசர் நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று போடும் புள்ளியைக் கைபேசியில் எடுத்துவைத்துக்கொண்டே கேட்பார்கள். பிள்ளையின் படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் இதைக் கேட்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அந்தப் பள்ளியை நடத்துவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, நாளைக்கு அதை மூடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகளை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. என் ஆசிரிய வேலையில் பாதிக்கு மேல் ஒஷாவாவுக்கு வடக்கே உள்ள சிறிய பள்ளிகளில் கழிந்தது. அங்கே இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒரு தவணைகூடப் படிப்பிக்க முடியாது.

ஊரில், வன்னியின் துணுக்காய்ப் பக்கம் நான் படிப்பித்தேன். சுற்றறிக்கை கொழும்பிலிருந்து வரும். அப்போது வடக்கு கிழக்கு மாகாணத்தின் தலைமையகம் இருந்த திருகோணமலையிலிருந்தும் வரும். கூரை ஒழுகினால் தகப்பன்மார் கிடுகு கொண்டுவந்து வேய்ந்தார்கள். பள்ளிக்காக உழைக்கிற உரிமை ஊருக்கு இருந்தது, முடிவெடுக்கிற உரிமை இருக்கவில்லை. வடக்குக்கென்று தனியாக மாகாண சபைத் தேர்தல் முதன்முதலாக நடந்தது 2013 இல். 2018 இல் அந்தச் சபையின் காலம் முடிந்ததும் ஆளுநரின் கைக்கே நிருவாகம் போனது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து கனடாவுக்கு வந்தவளுக்கு, கல்விச்சபைக்கு மக்கள் வாக்குப்போட்டு ஆட்களை அனுப்புகிறார்கள் என்பது பெரிய செய்தியாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஸ்காபரோவில் சில காலம் தொழிற்சாலை வேலை. பிறகு பட்டப்படிப்பு, அதன் பிறகு ஒஷாவா நகர் நடுவில் உள்ள ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம். ஆசிரியர் பயிற்சி ஒரு வருடமாக இருந்த காலம் அது. 2015 இல் அது இரண்டு வருடமானது. சான்றிதழ் கிடைத்த பின், ஆசிரியர் வராத நாட்களுக்கு அழைக்கும் சப்ளை ரீச்சர் பட்டியலில் பெயர் ஏறியது. விடியப்புறம் தொலைபேசி அடிக்கும். இயந்திரக் குரல் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் சொல்லும். நகரத்துப் பள்ளி என்றால் பலர் உடனே எடுத்துவிடுவார்கள். பனி கொட்டும் மாதங்களில் பீவர்ட்டன், கேனிங்டன், சண்டர்லண்ட், பிளாக்ஸ்டொக் என்று வடக்கத்தைய பெயர் வந்தால் எடுக்க ஆள் குறைவு. நான் எடுத்தேன். அப்படித்தான் அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமானது.

ஒஷாவாவின் பள்ளிகள் டேர்ஹம் மாவட்டக் கல்விச்சபையைச் சேர்ந்தவை. தலைமையகம் விற்பியில். ஏஜாக்ஸ், பிக்கரிங், விற்பி, ஒஷாவா என்று வாவிக்கரையோர நகரங்களும், வடக்கே அக்ஸ்பிரிஜ், ஸ்கூகொக், புரொக் என்ற மூன்று நாட்டுப்புறப் பிரிவுகளும் அதற்குள் வரும். 130 க்கு மேற்பட்ட பள்ளிகள், 70,000 க்கு மேற்பட்ட பிள்ளைகள். 2021 குடிசன மதிப்பின்படி டேர்ஹம் பிராந்தியத்தில் ஏழு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். ஒஷாவாவில் மட்டும் 175,383 பேர். புரொக்கில் 12,567 பேர்தான். புரொக் முழுவதற்கும் இந்தச் சபை நடத்தும் உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்று. எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், சபை மேசையில் யாருடைய குரல் கூடுதலாகக் கேட்கும் என்று.

சிம்கோ வீதியில் வடக்கே ஏறிப்போனால் வயல்களுக்கு நடுவே பழைய செங்கல் கட்டடங்கள் சில நிற்கும். இப்போது அவை வீடுகள். வாசலுக்கு மேலே கல்லில் "எஸ்.எஸ்." என்று பொறித்து ஓர் எண்ணும் ஒரு வருடமும் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனிப் பள்ளிக்கூடம் மட்டுமல்ல, தனி நிருவாகமும்கூட. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில், அப்போதைய கல்வி அதிகாரி ஈகர்ட்டன் ரையர்சன் வகுத்த சட்டங்களின்படி, சுற்றுவட்டாரத்துக்கு ஒரு பள்ளிப் பிரிவு (எஸ்.எஸ். என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம்), அதற்கு மூன்று ட்ரஸ்டிகள். வரி கட்டுகிறவர்கள் ஜனவரியில் கூடி அவர்களைத் தெரிவார்கள். ஆசிரியரை அமர்த்துவது, சம்பளம் பேசுவது, அடுப்புக்கு விறகு வாங்குவது, வேலி கட்டுவது எல்லாம் அந்த மூவரின் பொறுப்பு. அதே ரையர்சன் 1847 இல் எழுதிய யோசனைகள் பழங்குடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பள்ளிகளுக்கு வழிகாட்டின என்பதையும் மறைக்கக் கூடாது. ரொறன்ரோவில் அவர் பெயரைத் தாங்கியிருந்த பல்கலைக்கழகம் 2022 இல் பெயரை மாற்றியது. ஸ்கூகொக் தீவில் வாழும் மிஸிசாகா பழங்குடி மக்களின் பிள்ளைகளும் இந்தச் சபையின் பள்ளிகளுக்கு வருகிறார்கள். சபையில் அவர்களுக்கென ஒரு ட்ரஸ்டி ஆசனம் இருக்கிறது.

மூன்று ட்ரஸ்டிகளின் காலம் 1960 களில் முடிந்தது. 1969 ஜனவரி முதலாம் திகதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு சபைகளை ஒன்ராறியோ அரசு கவுண்டிச் சபைகளாகச் சேர்த்தது. ஒஷாவாவும் வடக்குக் கிராமங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1974 இல் பிராந்திய அரசாங்கம் அமைந்தபோது டேர்ஹம் என்ற பெயர் வந்தது. அடுத்த பெரிய வெட்டு 1998 இல்: மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு 129 சபைகளை 72 ஆக்கியது, ட்ரஸ்டிகளின் கொடுப்பனவை ஆண்டுக்கு 5,000 டொலருக்கு மேல் போகாமல் கட்டியது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வி வரியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சபைகளிடமிருந்து எடுத்தது. 1997 இலையுதிர் காலத்தில் மாகாணம் முழுவதும் ஆசிரியர்கள் இரண்டு வாரம் வேலையை நிறுத்தியது அந்த அதிகாரத்தை எடுத்த சட்டத்தை எதிர்த்துத்தான்.

இந்தச் சேர்க்கையால் கிராமத்துக்கு நட்டம் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். பீவர்ட்டனில் படிப்பிக்கிறவருக்கும் ஏஜாக்ஸில் படிப்பிக்கிறவருக்கும் ஒரே சம்பளப் படி. பேச்சுச் சிகிச்சையாளரும் உளவியலாளரும் கிராமப் பள்ளிக்கும் வருகிறார்கள். மூன்று விவசாயிகளைக் கொண்ட சபை அதைக் கனவிலும் நினைத்திராது. ஆனால் அந்த மூவரையும் பெற்றோர் கடையில் பார்க்கலாம், தேவாலய வாசலில் மறித்துக் கேட்கலாம். இப்போது கேட்க வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் வண்டி ஓட்டி விற்பிக்குப் போக வேண்டும்.

வகுப்பறைக்குள் போவோம். சிறிய பள்ளியின் வாழ்வும் சாவும் செப்டம்பரில் வரும் பிள்ளைகளின் தொகையில் இருக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு சபையின் வகுப்புகளில் பத்தில் ஒன்பதில் 20 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது; மிச்சத்தில் 23 வரை போகலாம். நான்கிலிருந்து எட்டு வரை சபை முழுவதற்குமான சராசரி 24.5. நகரத்தில் இந்த விதியால் பெரிய சிக்கல் இல்லை. கிராமத்தில் நான்காம் வகுப்பில் ஒன்பது பேர், ஐந்தில் ஆறு பேர், ஆறில் பதினொரு பேர் என்று வருவார்கள். மூன்றையும் சேர்த்து ஒரே அறையில் இருத்த வேண்டும். ஸ்ப்ளிட் என்று சொல்லும் இந்தக் கலப்பு வகுப்புகள் சில இடங்களில் இரண்டு படி, சில இடங்களில் மூன்று படி. செப்டம்பர் கடைசியில் தலையெண்ணிப் பார்த்து, இரண்டு குடும்பம் இடம் மாறியிருந்தால் ஒரு வகுப்பையே கலைத்து வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள். ஒரு மாதமாக ஓர் ஆசிரியையிடம் ஒட்டிப் பழகிய ஆறு வயதுப் பிள்ளை மறுநாள் வேறு அறையில் போய் இருக்கும். அக்டோபர் 31, மார்ச் 31 ஆகிய இரண்டு நாட்களின் கணக்கில்தான் மாகாணத்தின் பணம் வருகிறது என்பதால் அதிபருக்கும் வேறு வழியில்லை.

மூன்று படிகளை ஓர் அறையில் படிப்பிப்பது தனித் தொழில். துணுக்காயில் அதைச் செய்திருந்ததால் எனக்குப் பயம் வரவில்லை. கணக்கில் ஒரே கதையை எடுத்து மூன்று ஆழத்தில் கேள்வி போடுவேன். தீவனம் வாங்கிய கணக்கு என்றால் சின்னவர்களுக்குக் கூட்டலும் பெருக்கலும், நடுவிலுள்ளவர்களுக்குத் தசமம், பெரியவர்களுக்கு விகிதமும் சதவீதமும். பெரியவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டுச் சின்னவர்களுக்கு விளங்கப்படுத்துவார்கள். விளங்கப்படுத்தும்போது அவர்களுக்கே இன்னொருமுறை விளங்கும். விஞ்ஞானம்தான் கடினம்: ஆறாம் வகுப்புக்குப் பறத்தலும் விண்வெளியும், ஐந்தாம் வகுப்புக்கு உடற்தொகுதிகள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க முடியாது. ஒரு பக்கத்துக்குச் செய்முறை வேலையைக் கொடுத்துவிட்டு மறுபக்கத்தோடு இருக்க வேண்டும்; செய்முறை தன்பாட்டில் ஓடும்படி முதல்நாளே பொருட்களை எடுத்து வைத்திருக்க வேண்டும். சப்ளைக்குப் போகிறவரை மேசையில் கிடக்கும் நாள்திட்டம் மட்டும் காப்பாற்றாது. யார் யாருக்கு உதவுகிற பிள்ளை என்று முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஏழாம் வகுப்பில் உருளையின் கனவளவு படிப்பிக்கும்போது நான் கரும்பலகையில் தீவனம் சேர்த்துவைக்கும் சைலோவைக் கீறினேன். வாய் திறக்காமல் இருக்கும் ஒரு பையன், தங்கள் சைலோவில் எத்தனை அடி வரை தீவனம் நிரம்பினால் எத்தனை மாடு எத்தனை நாள் தின்னும் என்று சொல்லத் தொடங்கினான். விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கன்றுகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறவன். சோதனைத் தாளில் அவன் எழுதுவது குறைவு.

சோதனைக்கு வருவோம், இடவரிசை எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது. 1996 இல் அமைந்த ஈ.கியூ.ஏ.ஓ. என்ற மாகாண அலுவலகம் மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் வாசிப்பு, எழுத்து, கணக்கும், ஒன்பதில் கணக்கும், பத்தில் எழுத்தறிவுச் சோதனையும் வைக்கிறது. 2023-24 இல் ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேர் வாசிப்பில் மாகாணத் தரத்தை எட்டினார்கள். கணக்கில் 50 சதவீதம்தான். இது நகரம், கிராமம் எல்லாவற்றுக்கும் பொதுவான புண். இனி நான் சொன்ன பதினொரு பேர் கொண்ட ஆறாம் வகுப்பை எடுங்கள். ஆறு பேர் தரத்தை எட்டினால் 55 சதவீதம்: மாகாணத்தை விஞ்சிய பள்ளி. ஐந்து பேர் எட்டினால் 45 சதவீதம்: பின்தங்கிய பள்ளி. ஒரு பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியின் பெயரே மாறிவிடும். வகுப்பில் பத்துப் பேரும் இல்லையென்றால் முடிவு பொதுவில் வெளியிடப்படுவதே இல்லை. ஆக, மிகச் சிறிய பள்ளி ஒன்றில் படிப்பிப்பு நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பட்டியலைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஐந்தாறு வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஏதோ தெரியும். அதைவிட, மூன்றாம் வகுப்பில் தரத்துக்குக் கீழே இருந்த அதே பிள்ளை ஆறாம் வகுப்பில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் நேர்மையான அளவு. சிறிய பள்ளியில் அது எல்லா ஆசிரியருக்கும் பெயரோடு தெரியும். நகரத்துப் பெரிய பள்ளியில் கணினியைக் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: விலை கூடிய வீடுகள் உள்ள இடத்தில் வரி கூட வரும், பள்ளியும் நன்றாக இருக்கும் என்று. அமெரிக்காவில் பல இடங்களில் அது உண்மை. இங்கே 1998 இலிருந்து இல்லை. வீட்டுக்கான கல்வி வரி ஒன்ராறியோ முழுவதும் ஒரே வீதம். 2020 இலிருந்து 0.153 சதவீதம். மதிப்பீட்டில் ஒவ்வொரு இலட்சம் டொலருக்கும் 153 டொலர். அந்த மதிப்பீடும் 2016 ஆம் ஆண்டு விலையில்தான் நிற்கிறது. வடக்கு விற்பியின் புதுவீட்டுக்காரர் கட்டுவதும் கேனிங்டன் பழைய வீட்டுக்காரர் கட்டுவதும் ஒரே சூத்திரத்துக்குள் போய்ப் பிள்ளைக் கணக்கில் திரும்பி வருகின்றன. நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென்று 2017 இல் 20 மில்லியன் டொலரில் தொடங்கிய தனி நிதி ஒன்றும் உண்டு. மாகாணம் முழுவதற்கும் பங்கிட்டால் அது சிறிய தொகை. அதே வருடம் பள்ளிகளை மூடும் ஆய்வுகளுக்கு அரசு தடை போட்டது. அந்தத் தடை போடாமல் இருந்திருந்தால் காலி இருக்கைக் கணக்கைக் காட்டி வடக்கில் ஓரிரு பள்ளிகளையாவது மூடியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். பள்ளி போனால் அந்த ஊருக்கு இளங்குடும்பம் வராது, அதோடு ஊரும் போகும். வன்னியில் இதைக் கண்ணால் கண்டவள் நான்.

இனி ட்ரஸ்டிகளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வரி போட முடியாது. பாடத்திட்டம் மாகாணத்தினது. சம்பளத்தின் பெரும் பகுதி மாகாண அளவில் தொழிற்சங்கங்களோடு பேசி முடிவாகிறது. அவர்கள் நேரடியாக வேலைக்கு அமர்த்துவது கல்விப் பணிப்பாளர் என்ற ஒருவரைத்தான். மற்ற எல்லோரும் அவருக்குக் கீழே. ஆனாலும் பள்ளி எல்லைகள், வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, விசேட கல்விக்கு எங்கே கூடுதலாகக் கொடுப்பது, பஸ் கொள்கை ஆகியவை அவர்கள் மேசைக்கு வருகின்றன. கிராமத்துப் பிள்ளைக்குப் பஸ்தான் பள்ளிக்கூடத்தின் வாசல்.

நான் அனுபவித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட சபைகளின் பட்டியலில் இருந்திருக்கிறேன். எந்தச் சபை, எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டியதில்லை. ஒரு வருடம் இரண்டு பஸ் வழிகளை ஒன்றாக்கிவிட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில். வந்து இறங்கும்போதே சில பிள்ளைகள் நனைந்திருக்கும், சில நித்திரையில் இருக்கும். நூலக அறையில் பள்ளிக் கவுன்சில் கூடியது: அதிபர், ஆசிரியர் பிரதிநிதியாக நான், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பெற்றோர். கவுன்சில் ஆலோசனை சொல்லும் அமைப்புத்தான். ஆனால் 2000 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி அது தரும் பரிந்துரைக்குச் சபை பதில் சொல்லியே ஆக வேண்டும். பால்பண்ணை நடத்தும் தாய் ஒருவர் பஸ் வருகிற நேரம், போகிற நேரம், அன்றைய பனி எல்லாவற்றையும் பள்ளி நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதி வந்தார். உரத்துப் பேசவில்லை. கொப்பியின் பிரதியை ட்ரஸ்டியிடம் கொடுத்தார். பிறகு சபைக் கூட்டத்தில் பெயர் பதிந்து எழுந்து நின்று அதை வாசித்தார். ட்ரஸ்டி அறிக்கை கேட்டார். குளிர்கால விடுமுறைக்குப் பிறகு வழி மீண்டும் இரண்டானது. ஒரு மூலைப் பண்ணையின் பிள்ளைகளுக்கு மட்டும் நேரம் குறையவில்லை, அவர்கள் வீடு அவ்வளவு தூரம். மற்றவர்களுக்குக் குறைந்தது.

அந்தத் தாய்க்கு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. அவருடைய பாட்டன் பழைய பள்ளிப் பிரிவில் ட்ரஸ்டியாக இருந்தவராம். நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. ரொறன்ரோவிலும் யோர்க்கிலும் நீதன் சண், யுவனிற்றா நாதன், பார்த்தி கந்தவேள் போன்ற தமிழர்கள் ட்ரஸ்டிகளாக வந்தார்கள். பெருமைதான். ஆனால் 2022 உள்ளூராட்சித் தேர்தலில் ஒன்ராறியோ முழுவதும் மூன்றில் ஒருவர்தான் வாக்களித்தார். ஒஷாவாவில் அதையும்விடக் குறைவு. வாக்களித்தவர்களிலும் பலர் மேயரைத் தெரிந்துவிட்டு ட்ரஸ்டி வரிசையை வெறுமையாக விட்டதாக என்னிடமே சொன்னார்கள். ஆட்கள் கவனிக்காத இடத்தில் அதிகாரம் மெல்ல மேலே போய்விடும். 2025 இல் தேம்ஸ் வலி, ரொறன்ரோ, ரொறன்ரோ கத்தோலிக்கம், ஒட்டாவா-கார்ல்ட்டன், டஃபரின்-பீல் கத்தோலிக்கம் ஆகிய ஐந்து சபைகளை மாகாண அரசு தன் மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தது. அந்த வருட நவம்பரில் அப்படித் தலையிடுவதை இலகுவாக்கும் சட்டமும் நிறைவேறியது. சில சபைகளில் பணம் வீணானது உண்மை, கண்டிக்க வேண்டியதும்தான். ஆனால் அதற்கு மருந்து ட்ரஸ்டிகளையே ஒதுக்கிவைப்பது என்பதை நான் ஏற்கவில்லை. அமைச்சர் அமர்த்தும் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து கேனிங்டன் பஸ்ஸைப் பார்க்கமாட்டார். திருகோணமலையிலிருந்து துணுக்காயை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒஷாவாவிலும் சுற்றிலும் இருக்கிற தமிழ்ப் பெற்றோருக்குச் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் பிள்ளை எந்தச் சபையின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்கள். ரவுண்லைன் வீதியைத் தாண்டிக் கோர்ட்டிஸில் வீடு வாங்கியவர்களுக்குச் சபை டேர்ஹம் அல்ல, பீற்றர்பரோவில் இருந்து நடக்கும் கவார்த்தா பைன் றிட்ஜ். கத்தோலிக்கக் குடும்பங்கள், வீட்டு மதிப்பீட்டில் தங்கள் பெயர் எந்தப் பள்ளி முறைக்குப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். யாருக்கு வாக்களிக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. வாக்குரிமைக்குக் குடியுரிமை வேண்டும். பள்ளிக் கவுன்சிலுக்கு அது வேண்டாம். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். செப்டம்பரில் பள்ளி தொடங்கி முப்பது நாட்களுக்குள் கவுன்சில் தேர்தல் நடக்க வேண்டும் என்பது விதி. வருடத்துக்கு நான்கு கூட்டமாவது நடக்கும், கதவு எல்லாப் பெற்றோருக்கும் திறந்திருக்கும். ஆங்கிலம் சரளமாக வராது என்று பின்வாங்க வேண்டாம். பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் பிள்ளையின் பையில் கவுன்சிலுக்குப் பெயர் கொடுக்கும் கடிதம் வரும். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.